ஸ்டோரு வீடு

சிலமலையில் எங்கள் வீட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டோரு வீடு. போஸ்ட்மேன்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். ஸ்டோரு என்றால் கடை இல்லை. மேலே ஏலத்தோட்டங்களில் பறித்த பச்சைக் காயைக் கொண்டுவந்து நெருப்பு அனலில் உலர்த்துகிற கட்டடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். ஏலக்காயை வாட்டுகிற இடத்தின் பெயரை மனுசர் குடியிருக்கிற வீட்டுக்கு வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வைத்தவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. அந்த வீட்டை வரைந்தது நான். பதினேழு வயதில், கட்டம் போட்ட நோட்டில், ஸ்கேலும் பென்சிலும் வைத்து வரைந்தேன்.

இப்போது எனக்கு முப்பது. போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருக்கிற இஞ்சினியர் ஆபீசில் பத்து வருசமாகப் பிளான் வரைகிறேன். வருகிறவர்கள் முதலில் சாரைத்தான் தேடுவார்கள். சார் சைட்டுக்குப் போயிருப்பார். வேறு வழியில்லாமல் என் எதிரில் உட்கார்ந்து, "ஏம்மா, பூசை ரூம்ப ஒரு அடி இந்தப் பக்கம் தள்ளு, வாஸ்துக்கு இடிக்குது" என்பார்கள். தள்ளுவேன். மறுநாள் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய இடத்துக்கே தள்ளச் சொல்வார்கள். அதையும் செய்வேன். சாயங்காலம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது கண்ணும் இடுப்பும் விட்டுப்போயிருக்கும். கட்டடக்கலை படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான் என்று அந்த ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆசை வந்தது கோயிலையோ அரண்மனையையோ பார்த்து இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா காய் எடுக்க மலைக்குப் போகிறவள். விடிகிற நேரத்துக்கு ஜீப்பு வரும். பத்துப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினெட்டுப் பேர் ஏறி, போடி மெட்டு வழியாக வளைந்து வளைந்து மேலே போவார்கள். அப்பா அதே தோட்டத்தில் ஸ்டோரில் நெருப்புப் பார்க்கிறவர். அவருக்கு அங்கேயே தங்கல். ஞாயிற்றுக்கிழமை பகலில் இறங்கி வந்து, சாப்பிட்டு, தலை முழுகி, மறுபடி மேலே ஏறிவிடுவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னைத் தனியாக வீட்டில் விட அம்மாவுக்கு மனசு வராது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அவள் காட்டுக்குள் போனதும் எனக்கு இருக்க இடம் ஸ்டோருதான்.

அங்கே வெளியே எப்போதும் மூட்டமும் குளிரும் சாரலும். பல் கிட்டிப்போகும். ஸ்டோரின் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தால் போதும், அப்பாடா என்று இருக்கும். ஒன்றரை அடி கனத்துக்குக் கல்லுச் சுவர். வெளியிலிருந்து விறகு தள்ளுகிற அடுப்பு. அந்த அடுப்பிலிருந்து ஆள் நுழையும் தண்டிக்கு ஒரு இரும்புக் குழாய் கிளம்பி, அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் புகைபோக்கியாக ஏறும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள், தட்டு முழுக்கப் பச்சைக் காய். ஆள் மட்டத்தில் ஒரு சன்னல் கிடையாது. கூரையோரத்தில் மட்டும், கயிறு இழுத்துத் திறக்கிற சின்னச் சின்னத் திறப்புகள். காய் போட்டதும் முதலில் எல்லாவற்றையும் மூடி, காயை நன்றாக வேர்க்க விடுவார் அப்பா. பிறகு ஒரு சமயம் பார்த்துக் கயிற்றை இழுப்பார். நீராவி அப்படியே புசுபுசுவென்று மேலேறிப் போகும். அந்தத் திறப்பு வழியாக வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே இறங்கி எதிர்ச்சுவரில் நகரும். நான் சாக்கு மேல் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவிடம் தெர்மாமீட்டர் உண்டு. முதலாளி வாங்கிக் கொடுத்தது. அது ஆணியில் சும்மா தொங்கும். அவர் புறங்கையைக் காற்றில் நீட்டுவார். "மதி" என்பார். மேலே மலையாளத்தில் போதும் என்பதற்கு அதுதான் சொல். அவருக்கு நாக்கில் ஒட்டிவிட்டது. மதி என்றால் விறகு தள்ளுகிறவர் நிறுத்திவிடவேண்டும்.

ஒரு கட்டடம் மூச்சை இழுத்துப் பிடிக்கும், விடும் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். ஒன்பதாவது படிக்கும்போது மதுரை மகாலுக்கு டூர் கூட்டிப் போனார்கள். எல்லாரும் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தோம். டீச்சர், "எம்புட்டு உசரம் பாருங்க, எம்புட்டு உசரம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். இதில் யார் குடியிருந்தார்கள், வெயில் காலத்தில் எங்கே படுத்தார்கள், அனல் எந்த வழியாக வெளியே போனது என்று கேட்டேன். "வரிசையில நில்லு" என்றார் டீச்சர். ஆனால் அன்றைக்கு ஒரு நல்லது நடந்தது. அங்கே அளவெடுக்க வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் சிலர் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். கட்டடத்தைப் படிப்பதற்கென்று ஐந்து வருசப் படிப்பு ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். வரும்போது பஸ்சில் எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். நான் வாயே திறக்கவில்லை, எனக்கு வேறு நினைப்பு.

பிளஸ் டூ வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வருசம் ஐப்பசி மழையில் எங்கள் பழைய வீட்டின் பக்கச்சுவர் விழுந்து, புதிதாகக் கட்டியே ஆகவேண்டும் என்று இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ஊரு வீட்டயெல்லாம் வரையப் படிக்கணும்ங்கிற. மொதல்ல நம்ம வீட்ட வரை ஆத்தா. ஒரு கோடை குடியிருந்து பாப்போம். நல்லா இருந்துச்சுன்னா தாராளமா போ."

"நல்லா இல்லைன்னா?"

"அதான் நீ வரையப் போறியே. நல்லா இல்லாம எப்படிப் போகும்?"

எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குப் படம் வரைவதில்லை. கொத்தனார் வந்து, மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, இது வாசல், இது அடுப்படி என்பார். முடிந்தது. எனக்கு அப்பா பேப்பரில் வரையவே விட்டுவிட்டார் என்பதில் தலைகால் புரியவில்லை. எந்த வீட்டை வரைவேன்? எனக்குத் தெரிந்த உலகத்திலேயே நல்ல அறை எதுவோ அதைத்தான் வரைந்தேன். கனத்த கல்லுச் சுவர். ஆள் மட்டத்தில் சன்னல் இல்லை. எப்படியும் இரண்டு பக்கமும் ஒரு முழச் சந்து விட்டு அடுத்த வீட்டுச் சுவர்தான். சன்னல் வைத்து யாரைப் பார்க்க? கூரையோரத்தில் வரிசையாகச் சின்னத் திறப்புகள். அனல் ஏறும், மேலே போய்விடும். வெளிச்சம் கீற்றாக இறங்கும். முன்னறை, உள்ளறை, பின்னால் அடுப்படி. நான்கு தாள் கிழித்துப் போட்டு, ஐந்தாவது தாளில் சரியாக வந்தது.

கொத்தனார் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சன்னலு எங்கத்தா?"

"மேல இருக்குல்லண்ணே."

"அம்புட்டு உசரத்துல இருந்தா எப்படி எட்டிப் பாக்குறது? ஏணி வச்சா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். தாளை வாங்கினார். வெகு நேரம் பார்த்தார். விரலை அடிச்சுவர் ஓரமாக ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு போனார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ போட்டபடியே கட்டுங்க" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை, சந்தோசத்தில் வயிறு நிறைந்துவிட்டது.

தை மாதம் பால் காய்ச்சினோம். தையும் மாசியும் வீடு நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்து, "கோட்டை மாதிரில்ல கட்டியிருக்கீக" என்றார்கள். பங்குனி பிறந்தது. அதோடு சரி.

காலையில் வீட்டைப் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பு. அம்மா ஐந்து மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கி, பூட்டைத் திறந்து, உள்ளே ஒரு கால் வைப்பாள். "எம்மா!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வருவாள். கல்லுச் சுவர் பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சாவகாசமாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். கதவைத் திறந்துவைத்தால் முன்னறைக்கு மட்டும் கொஞ்சம் உயிர் வரும். உள்ளறையும் அடுப்படியும் அப்படியே. மேலே திறப்பு இருக்கிறதே, அனல் அதுபாட்டுக்கு ஏறிப் போகவேண்டியதுதானே என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பேன். அது போகவில்லை. சுவரில் கீற்று மட்டும் நான் வரைந்தபடியே ஒழுங்காக விழுந்தது. அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

அம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. காய் இல்லாத மாசத்திலும் மலையில் எட்டு மணி நேரம் குனிந்து நின்று களை எடுத்துவிட்டு வருகிறவள். அடுப்படியில் சோறு வடிக்கும்போது அவள் வாயும் கொதிக்கும். "இவ படிக்கப் போறாளாம், ஊருக்கெல்லாம் வீடு வரையப் போறாளாம். ஊரு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்பாள். ஜீப்பில் அவள் கூட்டாளிகள் வேறு. "ஏ மதினி, என்னா இன்னைக்கு நல்லா காஞ்சு வந்திருக்க? உம் மக ஸ்டோருல எத்தன மணிக்குத் தொறந்தாக?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அந்தப் பெயர் அங்கிருந்துதான் கிளம்பி ஊர் முழுக்கப் போனது. அம்மா அதையும் எனக்கு வந்து சொல்வாள். சொல்லிவிட்டு, முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

சித்திரையில் நுழைவுத் தேர்வு எழுதினேன். நல்ல மார்க்கு. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். வழக்கமாக உள்ளறையில் படுப்பவர், அன்றைக்கு முன்னறையிலேயே கதவோரமாக உட்கார்ந்தார். எனக்கு இது இரண்டாவது பரீட்சை, இதற்கு மார்க்குப் போடுகிறவர் அவர்.

அவர் என்னைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டார். "என்ன, வீடு எப்படி இருக்கு?"

இரண்டு மாதமாக ஊர் உலகமெல்லாம் சொல்லி மாய்ந்தவள். காப்பியை ஆற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வீட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. அவள அனுப்புங்க."

சொல்லும்போது அவள் கன்னத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அந்த நிமிசம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானாக இருப்பேனா? எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இவள் தினம் திட்டியதுகூடச் சுடவில்லை. இந்த இரக்கம் சுட்டது. எனக்கு யாரும் பிச்சை மார்க்குப் போடவேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"பொய் சொல்றா. வீடு வேகுது. ஒரு மனுசர் இருக்க முடியல. என்னமோ தப்பு பண்ணியிருக்கேன், என்னன்னுதான் தெரியல" என்றேன்.

"அப்பச் சரி" என்றார் அப்பா. அவ்வளவு வெரசாகச் சொன்னார். "இப்பத்திக்கு இங்கனயே தேனியில எதாச்சும் படி. பெறகு பாத்துக்கலாம்." காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, மத்தியான ஜீப்புக்குக் கிளம்பிவிட்டார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கினது. வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கே கஷ்டமாக இருக்கிறது, பாவம், என்றுகூட நினைத்தேன்.

அம்மா என்னை அடிக்காத குறை. "ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் அந்த வாய மூடியிருக்கக் கூடாதாடி? கைக்கு வந்ததக் காலால ஒதைச்சிட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை நீட்டி முழக்க எனக்குத் தெம்பு இல்லை. தேனியில் மூன்று வருசம் சிவில் டிப்ளமோ. பிறகு இந்த ஆபீஸ். கல்யாணப் பேச்சு வந்தது, போனது. இன்னும் வருகிறது, போகிறது. வீட்டில் மின்விசிறி மாட்டினோம், அது அனலையே சுற்றிச் சுற்றி அடித்தது. மேலே தென்னங்கிடுகு போட்டோம், ஆடிக் காற்று ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு போனது. பின்சுவரை உடைத்துப் பெரிய சன்னல் வைப்போம் என்று இரண்டு தரம் அப்பாவிடம் சொன்னேன். "கல்லுச் செவரு ஆத்தா. ஒண்ண உருவினா நாலு வரும்" என்று இரண்டு தரமும் தட்டிக்கழித்தார். நானும் விட்டுவிட்டேன். பகல் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சன்னலை வரைந்துவிட்டு வருகிறவளுக்குத் தன் வீட்டைப் பார்க்கவே பிடிக்காது. ஸ்டோர்ப் பக்கம் போவதையும் அந்த வைகாசியோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கட்டடத்தின் மேலேயே எனக்குக் கோபம். நீதானே என்னைக் கெடுத்தாய் என்று.

இந்த வருசம் மாசியில் அப்பாவுக்கு முழங்கால் ஒரேயடியாக முடியாமல் போய், வேலையை விட்டு நின்றுவிட்டார். அவருடைய பெட்டி படுக்கையை இறக்கிக் கொண்டுவர அவரோடு நானும் மேலே போனேன். பதிமூன்று வருசம் கழித்து. காய் எடுப்பு முடிந்துவிட்டது. தட்டுகளை எல்லாம் கழற்றி வெளியே சாத்தி, வெள்ளையடிப்பதற்காக ஸ்டோரைக் காலி பண்ணி வைத்திருந்தார்கள். நான் அதைக் காலியாகப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் வரும்போதெல்லாம் தட்டும் காயுமாக அடைத்துக் கிடக்கும், நான் சாக்கில் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உள்ளே போனதும் பாதத்தில் ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தேன். நான்கு சுவரிலும் தரையோடு தரையாக, ஒரு செங்கல்லை உருவின அளவுக்கு ஓட்டைகள். எண்ணினேன், எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை மூடி, பக்கத்தில் கிடந்தது. கீழே குளிர்ந்த காற்று நுழைகிறது, அது தள்ளுகிறது, அதனால்தான் மேலே அனல் வெளியேறுகிறது. கீழே வழி இல்லாவிட்டால் மேலே எத்தனை திறந்தும் ஒன்றுக்கும் ஆகாது. இவ்வளவுதான்! பத்து வருசமாக நான் வரைந்து தள்ளிய பிளான்களில் ஒன்றிலாவது இதை யோசித்தேனா? தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்பா வாசலில் நின்று, நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தார். "கெளம்பு ஆத்தா, ஜீப்பு நிக்குது" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன், மறுபடி எழுதுவது என்று. முப்பது வயசில் பதினேழு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நுழைவுத் தேர்வு எழுதினேன். வாசலில் எனக்கு முன்னால் நின்ற பெண் என்னை மேடம் என்று கூப்பிட்டு, ஹால் எது என்று கேட்டாள். தேர்வானேன். மதுரையில் ஒரு காலேஜில் இடம் கிடைக்கும்போல இருந்தது. அவர்கள், இந்தப் படிப்புக்கு உங்களைக் கொண்டுவந்த கட்டடம் எது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஏலக்காய் ஸ்டோர் என்று எழுதி, எட்டு ஓட்டைகளையும் வரைந்து அனுப்பினேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவைத்தேன். அவள், "இந்தத் தடவையாச்சும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள்.

அப்பா வீட்டோடு வந்து உட்கார்ந்ததிலிருந்து, பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் கிடக்கிறவர் அவர்தான். சித்திரை வெயில் அவரையும் வாட்டியது. வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். நாற்காலியைக் கதவோரத்துக்கு இழுத்துக்கொண்டே போவார். கொத்தனாரைக் கூட்டிவரப் போகிறேன், கீழே ஓட்டை போடப்போகிறேன் என்றேன். பாம்பு வரும், எலி வரும் என்று தட்டிக்கழிப்பார் என்று பதிலுக்குக் கம்பிவலையோடு தயாராக இருந்தேன். "போடு" என்றார்.

வைகாசி முதல் வாரம், ஒரு ஞாயிறு மத்தியானம். அதே கொத்தனார், இப்போது தலை நரைத்துவிட்டது. உள்ளறையின் சந்துப்பக்கச் சுவரில் கடப்பாரையைப் போட்டார். அம்மா அடுப்படியில் அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். கல் ஒன்று அசைந்து, கழன்று, சந்துப் பக்கம் விழுந்தது. கொஞ்ச நேரம் புழுதிதான். புழுதி அடங்கியபோது, என் சேலைக் கரை லேசாக ஆடியது. மேலே திறப்பில் பதிமூன்று வருசமாகத் தொங்கின ஒட்டடை வெளிப்பக்கமாக நீண்டு பறந்தது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்து, புறங்கையை ஓட்டைக்கு நேரே நீட்டினார்.

"இழுக்குது" என்றார். "மதி. இந்த அளவு மதி, பெருசாக்க வேணாம்." கையை எடுக்காமலே சொன்னார்: "அன்னைக்கே வச்சிருக்கணும்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாம? முப்பது வருசமா அதுக்குள்ள கெடந்தவன் ஆத்தா."

கொத்தனார் கடப்பாரையைச் சாத்திவிட்டு, பீடி பிடிக்கிற சாக்கில் வெளியே போனார்.

"ஏன் சொல்லல?"

அவர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா நீ திருத்திப்புடுவ. வீடு நல்லா வந்துரும். நீ போயிருவ."

"வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன் மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. ஒத்தப் புள்ள. அஞ்சு வருசம் கண்காணாத ஊருல. போனவ திரும்பி இங்க எதுக்கு வரப்போறன்னு பயம். வீடு சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

கத்தவேண்டும், கடப்பாரையை எடுத்து அந்தச் சுவர் முழுவதையும் பேர்த்துப் போடவேண்டும் என்று இருந்தது. இருபது வயசாக இருந்தால் செய்திருப்பேன். பத்து வருசம் பூசை அறையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியதில் அந்தத் தெம்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"நான் இந்த வருசம் போறேம்ப்பா. மதுரையில இடம் கெடைக்கும். உங்களக் கேக்கல. சொல்றேன்."

"போ" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா என்ன என்று நான் பார்க்கவில்லை. சரி, முடிந்தது, இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுப்படி நிலையில் அம்மா நின்றிருந்தாள். கையில் டீ டம்ளர். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. அவளுக்கு அப்படி ஒரு தணிந்த குரல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"அவளப் போகவிடாம இருக்க வீட்ட வேகவிட்டீக. சரி. அதுக்குள்ள நானும்ல கெடந்தேன்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். என்னைக் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தாள்.

பதிமூன்று கோடையாக அந்த வீட்டை நான் என்னுடைய தப்பு, என்னுடைய தோல்வி, என்னுடைய கெட்டுப்போன படிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் வேப்பமரத்தடியில் போய் உட்காருவதைத் தினமும் சாயங்காலம் பார்த்தேன். அதைக்கூட எனக்கு விழுந்த மார்க்காகத்தான் பார்த்தேன். அந்த அடுப்படியில் நிற்கிறவளுக்குக் காற்று வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இன்றைக்கு முதல் ஓட்டையைக்கூட நான் எங்கே போடச் சொன்னேன்? என் மேசை இருக்கிற உள்ளறையில்.

அவள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். வாசலுக்குப் போய்க் கொத்தனாரைக் கூப்பிட்டாள். "அண்ணே, பீடியக் கீழ போட்டுட்டு வாங்க. அடுப்படியில ஒடைக்கணும்."